விளக்கொளியில் விரியும் ஒற்றையடிப் பாதை

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தனுவச்சபுரம் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டி நின்று புறப்பட்டது. இறங்கியவர்கள் அனைவரும் வீடு நோக்கி விரைந்தனர். நாங்கள் நால்வர் மட்டும் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து, நிலையத்திற்கு வெளியே சைக்கிள்களைச் சாய்த்து வைத்து, இருள் முழுமையாகக் கவியட்டும் என்று காத்திருந்தோம். பக்கத்துக் கடைக்காரர் கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்துவிட்டு, எங்கள் தலைக்கவசங்களின் மேல் கட்டியிருந்த விளக்குகளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"பால்வெட்டுக்கா மக்களே? இப்பவே போனா மரம் பால் தராதே" என்றார்.

அவருடைய ஐயம் நியாயமானது. இப்பகுதியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளில் நடப்பவர்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களே. பொழுதுபோக்கிற்காக, அதுவும் பகலில் ஓட்டினாலே எலும்பு குலுங்கும் பாதையில், இரவில் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. ஏத்தங்காய் அப்பம் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "வயிறு காயாம இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தனுவச்சபுரம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றங்கரை தாலுகாவில் உள்ள சிற்றூர். அருகில் உதியன்குளங்கரை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66, பாறசாலையைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலப்படத்தில் விழுந்ததே தவிர, உறவு முறையிலும் சந்தைப் பேச்சிலும் விழவில்லை. வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளம் இன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியோ தனுவச்சபுரத்தில் இருக்கிறது. ஒரே கடையில் ஒருவர் மலையாளத்தில் கேட்க, மற்றவர் தமிழில் விடை சொல்ல, இருவருக்கும் அதில் வியப்பேதும் இல்லை.

மலைச் சைக்கிள் என்று பெயர் இருந்தாலும் இங்கே மலை இல்லை. அகத்தியமலைத் தொடர் கிழக்கே வெகு தொலைவில் நீலக் கோடாகத் தெரிகிறது. தனுவச்சபுரத்தைச் சுற்றி இருப்பவை வெட்டுக்கல் மேடுகளும், அவற்றின் சரிவுகளில் ரப்பரும் மரச்சீனியும், மேடுகளுக்கு இடையே 'ஏலா' என்று மக்கள் அழைக்கும் தாழ்ந்த வயல்களுமே. ஏலாவில் இன்று நெல்லைவிட வாழையே மிகுதி. மேட்டிலிருந்து ஏலாவுக்கு இறங்கி, வரப்பில் கடந்து, மறு மேட்டில் ஏறுவதற்கென்று தலைமுறைகளாகக் கால்கள் தேய்த்த ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. இரண்டு கையாலைகளுக்கு நடுவே, மூன்றடி அகலத்தில், வேர்களும் சரளைக் கற்களும் நிறைந்து, திடீரென்று வளைந்து கீழே பாயும் பாதைகள் அவை. மலைச் சைக்கிளுக்கு வேண்டியது உயரமன்று, இத்தகைய பாதைதான்.

இந்த விளையாட்டே அவ்வாறு பிறந்ததுதான். கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த சக்கரச் சைக்கிள்களை மண் பாதையில் இறக்கி ஓட்டினர். 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தின் முடிவில் பின்சக்கரத் தடையின் மசகு எண்ணெய் சூட்டில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்க வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் போட்டியாயிற்று. 2023 அக்டோபர் இறுதியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் எங்கள் மாவட்டத்தின் பொன்முடியிலேயே நடந்தன. அந்த மேடுகளில் ஆசியாவின் தேர்ந்த வீரர்கள் பாய்ந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எங்களில் இருவர் கியர் சைக்கிள் வாங்கினர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் இரவில்? முதல் காரணம் மிக எளியது: பகலில் எங்களுக்கு வேலை இருக்கிறது. நால்வரில் இருவர் வங்கிப் பணியாளர்கள், ஒருவர் ஆசிரியர், ஒருவர் வாழை மொத்த வணிகர். இரண்டாவது காரணம் புழுக்கம். கடற்கரைக்கு அருகில் உள்ள இந்நிலத்தில் பகலில் அரை மணி நேரம் மேடு ஏறினால் சட்டையைப் பிழிய வேண்டியிருக்கும். மூன்றாவது காரணத்தை முதல் இரவிலேயே கண்டுகொண்டோம். நூறு முறை சென்ற பாதை விளக்கொளியில் வேறொரு பாதையாகிவிடுகிறது. பகலில் கண் பத்துப் பொருள்களை ஒரே நேரத்தில் பார்க்கிறது. இரவில் சக்கரத்துக்கு முன் பதினைந்து அடி வெளிச்சமே உலகம். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம்கூட அம்பு வேகமாகத் தோன்றும். வெளிநாடுகளில் இதற்கென்றே பகலும் இரவும் தொடரும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயங்கள் உண்டு. 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த 'கானான் 24 மணி' அவற்றுள் முன்னோடி. நம் நாட்டிலும் நெடுந்தொலைவு 'பிரெவே' ஓட்டங்களில் முந்நூறு கிலோமீட்டரை இருபது மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஆகவே இரவு அதில் தப்பாது. முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி திருப்பும் மேற்சட்டையும் இல்லாதவரை அங்கே இரவில் ஓட்ட விடமாட்டார்கள்.

விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் உயிர் அதில் இருக்கிறது.

எங்கள் பாட்டன்மார் இதே பாதைகளில் 'சூட்டு' பிடித்து நடந்தனர். காய்ந்த தென்னோலையை இறுகக் கட்டி, நுனியில் தீ வைத்து, அணையும்போது வீசி எரிய விட்டுக்கொண்டு செல்வார்கள். அதன் பின் சைக்கிள் வந்தபோது கார்பைடு விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடு கட்டியின் மேல் நீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். அது எரிந்து வெண்ணிற ஒளி தரும். அதற்குப் பின் டைனமோ. சக்கரத்தின் பக்கத்தில் உராய்ந்து சுழலும் அந்தச் சிறு புட்டி 6 வோல்ட், 3 வாட் அளவே மின்சாரம் தரும். மிதித்தால் எரியும்; நின்றால் அணையும். மேட்டில் மூச்சு வாங்கும்போது விளக்கும் சேர்ந்து மங்கும். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் முனையில் நிற்கும் காவலர் காற்றைப் பிடுங்கி விடுவார் என்ற அச்சம் ஐம்பதைக் கடந்த நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இன்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டது எல்.இ.டி. நீல ஒளி தரும் டையோடைக் கண்டறிந்ததற்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசியே வெண்ணிற விளக்கு உண்டாக்கப்படுகிறது. பத்து வாட் மின்சாரத்தில், டைனமோ காலத்தில் கனவிலும் காணாத வெளிச்சம் நம் கைப்பிடியில் வந்துவிட்டது.

ஆயினும் வெளிச்சம் மிகுந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. முதலில் நாங்கள் தலைக்கவசத்தில் மட்டுமே விளக்கைக் கட்டியிருந்தோம். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எந்தக் கல் உயரம், எந்த இடம் பள்ளம் என்பது தெரியவில்லை. விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால், பொருள்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே மறைந்துவிடும். நிழல் இல்லையேல் மேடு பள்ளம் இல்லை. நிலம் கோலமிட்ட தரைபோல் தட்டையாகிவிடும். கைப்பிடியில், கண்ணுக்கு இரண்டடி தாழ்வில், இன்னொரு விளக்கைக் கட்டியதும் ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு எழுந்து நின்றது. தலை விளக்கு நாம் திரும்பும் திசையைக் காட்டும். கைப்பிடி விளக்கு நிலத்தின் வடிவத்தைக் காட்டும். இரண்டும் வேண்டும். ஒன்று அணைந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது கூடுதல் பயன். அன்று எங்களுள் ஒருவர் இந்தக் கூடுதல் பயனைப் பொருட்படுத்தவில்லை.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. ஊர் விளக்குகளைக் கடந்ததும் ஓரிடத்தில் நின்று எல்லா விளக்குகளையும் அணைத்தோம். இது எங்கள் வழக்கம். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அதன் பின் கண்ணின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதியே மிகுதியாக உணரும். ஒரு மரத்தை நேராக உற்று நோக்கினால் மறைகிறது, சற்று விலகிப் பார்த்தால் தெரிகிறது. மார்கழிப் பனி ஏலாவின் மேல் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி. அதற்கும் அப்பால் நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல். மீண்டும் விளக்கை ஏற்றியபோது புல்வெளியெங்கும் பச்சையும் நீலமுமாகச் சிறு பொறிகள் மின்னின. பனித்துளி என்று எண்ணிக் குனிந்தோம். அத்தனையும் சிலந்திகளின் கண்கள். விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருந்தால்தான் இந்தக் காட்சி கிட்டும். ஆகவே தலை விளக்கைக் குறை கூறியதைச் சற்றே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

சிறிது தொலைவில் பாதையின் நடுவே இரண்டு செந்தணல்கள் இருந்தன. நெருங்கியதும் அவை ஓசையின்றி எழுந்து பறந்தன. பக்கிப் பறவை. வெதுவெதுப்பான மண் பாதையில் இரவில் வந்து அமர்வது அதன் இயல்பு.

இரவின் உயிர்களெல்லாம் இத்தனை மென்மையானவை அல்ல. கட்டுவிரியன் இரவில் உலவுவது. ரப்பர்ச் சருகுகளுக்கு இடையே, மூக்கு நுனி மேல் நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் ஒன்றும் உண்டு. சருகின் நிறமே அதன் நிறம். இந்தியாவில் பயன்படும் நஞ்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே தயாரிக்கப்படுகிறது. இந்தக் குழிவிரியனுக்கு அது பயன் தராது. ஆகவே கணுக்காலை மூடும் காலணி இல்லாமல் எவரும் எங்களோடு வரக் கூடாது என்பது விதி. நின்று இளைப்பாறும் இடத்தில்தான் ஆபத்து மிகுதி. சருகின் மேல் உட்காருவதில்லை.

எட்டரை மணி அளவில் கிளைக் கால்வாயின் கரையை அடைந்தோம். நெய்யாற்று அணை 1950களின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் நெய்யாற்றங்கரை தாலுகாவுக்கு நீர் தந்து, எல்லையைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் செல்லும்படி வெட்டப்பட்டது. 2004 முதல் தமிழ்நாட்டுப் பகுதிக்கு நீர் செல்வது நின்றுபோயிற்று. அது இரு மாநிலங்களுக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு. இப்பக்கத்திலும் நீர் எட்டாத சில கிளைகளில் புல் மண்டிக் கிடக்கிறது. உழவருக்கு அது இழப்பு. சைக்கிள் ஓட்டுபவருக்கோ கால்வாய்க் கரை, சமமாக நீண்டு செல்லும் அருமையான பாதை. அந்தக் கரையில் ஓட்டும் ஒவ்வொரு முறையும் பிறர் இழப்பின் மேல் ஓட்டுகிறோம் என்ற கூச்சம் எங்களுக்கு உண்டு.

மூன்றாவதாக வந்துகொண்டிருந்த நண்பரின் விளக்கு அணைந்தது. மங்கி அணையவில்லை, முழு ஒளியிலிருந்து ஒரு நொடியில் முழு இருளாயிற்று. அவரிடம் இருந்தது அந்த ஒரு விளக்கே. பளிச்சென்ற ஒளிக்குப் பழகிய கண்ணுக்கு அந்நொடியில் ஒன்றுமே தெரியாது. அவர் இரு கைகளாலும் தடையை அழுத்தினார். முன்சக்கரம் சரளையில் வழுக்கிக் கரையின் விளிம்பைத் தாண்டியது. ஆறடி ஆழமுள்ள வறண்ட கால்வாயில் சைக்கிளும் அவரும் விழுந்த ஓசை கேட்டுத்தான் முன்னே சென்ற நாங்கள் திரும்பினோம்.

தலைக்கவசம் பிளந்திருந்தது, தலை பிளக்கவில்லை. வலக்கையை ஊன்றி விழுந்ததால் மணிக்கட்டு வீங்கிக்கொண்டே போயிற்று. கால்வாயின் சுவர் வழுக்கலாக இருந்ததால் அவரை மேலே ஏற்றுவது எங்களால் இயலவில்லை. அப்போது மறுகரை வீட்டிலிருந்து ஒரு டார்ச் ஒளி வந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். தோளில் துண்டு, பின்னால் அவருடைய மகன். "அசையாம இருங்க மக்களே, ஏணி கொண்டுவாறேன்" என்று சொல்லிவிட்டுச் சென்றார். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி வந்தது. நண்பரை மேலேற்றித் திண்ணையில் உட்கார வைத்து, அட்டையை மடக்கிக் கையில் கட்டி, மகன் ஆட்டோவை அழைத்து வரும் வரை அவர் எங்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. பின்புதான் கேட்டார்: "இதுக்கு முன்னால எந்த வழியா வந்தீங்க?"

நாங்கள் வந்த வழியைச் சொன்னோம். வடக்கே உள்ள மரச்சீனி விளை வழியாகக் குறுக்கே வருவதுதான் எங்கள் முதல் எண்ணம். கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டோம் என்றும் சொன்னோம். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த விளையில் இரவில் பன்றிக்குக் கம்பி கட்டி மின்சாரம் விடுகிறார்கள் என்றார்.

அந்தத் திண்ணையில் எங்களுக்கு வியர்த்தது வேறு வகை வியர்வை. காட்டுப்பன்றி இன்று கேரளத்து மரச்சீனி, வாழை உழவர்களின் பெருந்துயரம். ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். 2022இல் மாநில அரசு, பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அப்படியிருந்தும் சிலர் வீட்டு மின்சாரத்தையே கம்பியில் இழுத்து விடுகின்றனர். அது சட்டத்துக்குப் புறம்பானது. அத்தகைய கம்பிகளில் சிக்கி மனிதர்கள் மாண்ட செய்திகள் கேரளத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பன்றிக்கு வைத்த கம்பி முழங்கால் உயரத்தில் இருக்கும். எந்த விளக்கிலும் அது எளிதில் தெரியாது.

ஆட்டோ வந்தது. நெய்யாற்றங்கரையில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவு என்று உறுதி செய்து மாவுக்கட்டுப் போட்டனர். ஆறு வாரம் கை அசையக் கூடாது.

மறுவாரம் அந்த விளக்கின் மின்கலத்தைச் சோதித்தோம். விரல் அளவுள்ள அந்த உருளை, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதனாலேயே 18650 என்று பெயர். இந்த அளவுள்ள நல்ல மின்கலங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணி வரையே மின்சாரத்தைச் சேமிக்கும். நண்பரின் மின்கலத்தின் மேல் 9,800 என்று அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல மின்கலம் நான்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 43 வாட் மணி கிடைக்கும். பத்து வாட் விளக்கை நான்கு மணி நேரம் எரிக்கலாம். இந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டிருக்கலாம். அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் கணக்குப் போடுவதுதான் எங்களில் இருவரின் அன்றாடத் தொழில் என்பதை மற்ற இருவரும் இன்றுவரை சொல்லிக் காட்டுகின்றனர்.

வங்கிக்காரர்கள் என்ற முறையில் இன்னொன்று. பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில், விபத்தில் உயிரிழப்பு அல்லது முழு ஊனம் நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாயும், நிலையான பகுதி ஊனத்துக்கு 1 இலட்சம் ரூபாயும் பெற வழி செய்யும் திட்டம். ஜூன் 1 முதல் மே 31 வரை காப்பு. கட்டணம் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் நண்பரின் மணிக்கட்டு ஆறிவிடும் காயம்; அதற்கு இதில் தொகை இல்லை. பலர் அறியாத ஒரு கூறு உண்டு: பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றில் உடனடி மருத்துவமனைப் பதிவே சான்றாகக் கொள்ளப்படும். தோட்டத்தில் கடிபட்டவரை வைத்தியம் என்று எங்கெங்கோ கொண்டு சென்று காலம் கடத்தினால் உயிரும் போகும், குடும்பத்துக்கு வர வேண்டிய தொகையும் போகும். திண்ணைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, தம் பெயர் அதில் இருக்கிறதா என்று பாஸ்புக்கை எடுத்து வந்து பார்க்கச் சொன்னார். இருந்தது.

அவர் நாற்பது ஆண்டுகளாகப் பால்வெட்டுத் தொழிலாளி. குமரிப் பக்கம் பிறந்து, பெண் எடுத்த வகையில் இப்பக்கம் வந்தவர். இளமையில் பல ஆண்டுகள் சிவாலய ஓட்டம் ஓடியவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எங்கள் 'சாதனை' மிகச் சிறிதாகிவிட்டது.

சிவராத்திரியின்போது குமரி மாவட்டத்தின் பன்னிரு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் வழிபாடு அது. முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று சென்று, திருநட்டாலத்தில் முடியும். மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறி ஏந்தி, "கோவிந்தா! கோபாலா!" என்று முழங்கிக்கொண்டு, வெறுங்காலுடன் ஓடுவார்கள். சிவாலயத்துக்கு ஓடுபவர்கள் திருமாலின் பெயரைச் சொல்வதற்குப் பீமனும் புருஷாமிருகமும் வரும் கதை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் நீராடி ஈர உடையுடனேயே தரிசனம். வழியெங்கும் ஊரார் சுக்குநீரும் பானகமும் கஞ்சியும் வைத்துக் காத்திருப்பர். இப்போது சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வேன்களிலும் செல்வோர் பெருகிவிட்டனர். தம் காலத்தில் பாதி வழி ரப்பர்த் தோட்டங்களின் ஊடாகவும் வரப்புகளின் மேலும்தான் என்றார் பெரியவர்.

"அப்போது விளக்கு?" என்று கேட்டோம்.

"முன்னால ஓடுறவன் முதுகுதான் விளக்கு."

எங்கள் குழுவில் அதற்குப் பின் வந்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறோம். பகலில் நடந்து பார்க்காத பாதையில் இரவில் செல்வதில்லை. நிலத்துக்கு உரியவரிடம் கேட்காமல் எந்த விளைக்குள்ளும் நுழைவதில்லை; கேட்டபோது மறுத்தவர்கள் இருவரே, அவர்களும் காரணம் சொல்லியே மறுத்தனர். ஆளுக்கு இரண்டு விளக்கு. ஊருக்குள் வந்ததும் தலை விளக்கை அணைத்துவிட வேண்டும். எதிரில் நடந்து வரும் முதியவரின் கண்ணில் அதைப் பாய்ச்சுவது அடிப்பதற்கு ஒப்பு. இவற்றில் எதுவும் பெரிய அறிவன்று. கால்வாயில் விழாமலே கற்றிருக்கக் கூடியவைதாம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், அதிகாலை மூன்றரை மணிக்கு, பெரியவர் வேலை செய்யும் தோட்டத்துக்கு அவருடைய அழைப்பின் பேரில் சென்றோம். நாங்கள் மூவர் சைக்கிளில். மாவுக்கட்டுடன் நண்பர் பெரியவரின் மகனுடைய பைக்கில். சரிவின் அடியிலிருந்து பார்த்தபோது, மேலே மரங்களுக்கு இடையே ஐந்தாறு ஒளிப்புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் நிற்கும், சில நொடிகளில் அடுத்த மரத்துக்கு நகரும். பேச்சில்லை. கத்தி பட்டையைச் சீவும் மெல்லிய கரகரப்பு மட்டும் கேட்டது.

மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்பே மிகுந்திருக்கும்; வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்க, அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவதும் குறையும். இவர்கள் இருளில் எழுவது அதனால்தான். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ, முப்பது பாகைச் சாய்வில் வெட்டு செல்ல வேண்டும். ஒரு வெட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டை சீவப்பட வேண்டும். கத்தி மிக ஆழ்ந்தால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. ஒருவர் ஒரு நாளில் முந்நூறு மரங்களைப் பார்க்க வேண்டும். இவ்வளவு நுட்பத்தையும் நெற்றியில் ஒரு சிறு விளக்கை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பெரியவரின் விளக்கு எங்களுடையதில் பத்தில் ஒரு பங்கு ஒளிகூட இல்லாதது. கூடுதல் வெளிச்சம் வேண்டாமா என்று எங்கள் விளக்கைக் காட்டினோம். அவர் ஒரு முறை அதைக் கட்டிப் பார்த்துக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வெட்டின் ஓரம் தெரியவில்லையாம். எல்லாம் வெள்ளையாக இருக்கிறதாம். நிழலைப் பற்றி நாங்கள் பல வாரம் தடுமாறிக் கற்றதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

எங்கள் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மரத்தடியில் நின்றோம். வெட்டின் வழியே வெண்கோடு ஒன்று இறங்கி வந்து, தகரத் துண்டின் நுனியில் தயங்கி, சிரட்டையில் சொட்டத் தொடங்கியது. ஒரு மரம், பிறகு பக்கத்து மரம், பிறகு சரிவு முழுவதும். மழை ஓய்ந்த பின் தோட்டத்தில் கேட்கும் ஓசைபோல அது இருந்தது.

நண்பர் இடக்கையால் சிரட்டைகளைத் துடைத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டே பெரியவரின் பின்னால் சென்றார். அவருடைய நெற்றியில் பெரியவரின் மகன் தந்த பழைய விளக்கு இருந்தது. ஆறு மணி அளவில் திருவனந்தபுரம் செல்லும் வண்டியின் ஓசை மேற்கிலிருந்து வந்தது. எங்களுக்கு அலுவலகம் இருந்ததால் சைக்கிள்களை எடுத்தோம். அவருக்கு இன்னும் விடுப்பு மீதியிருந்தது. ஒன்பது மணிக்குப் பால் எடுக்கும் வரை இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி, அடுத்த மரத்தை நோக்கி நடந்தார்.